ஆட்டத் திடலில் பெண்ணின் உடை



விடியற்காலை வேளையில், நம் கெடா மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றின் பெரட்டுக் களத்தை மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள். பால்மரம் வெட்டப் புறப்படும் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கணவனுடையதோ அண்ணனுடையதோ ஆன ஒரு பழைய முழுக்கைச் சட்டை, அதன் கீழே கைலி அல்லது காற்சட்டை, தலையில் இறுகக் கட்டிய துண்டு, நெற்றியில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவர்த்தி. பால்கறை படிந்து விறைத்துப்போன அந்த உடுப்பைப் பார்த்து, "பெண்பிள்ளைக்கு ஆண்பிள்ளைச் சட்டையா?" என்று எவரும் கேட்டதில்லை. மரத்துக்கு ஏற்ற உடை அது. வேலைக்கு ஏற்ற உடை அது. அவ்வளவுதான்.

அதே தாயின் மகள் மாலையில் பள்ளித் திடலுக்குப் போகிறாள். வலைப்பந்து ஆட ஒரு குட்டைப் பாவாடை. அல்லது ஓட்டப் பந்தயத்துக்கு ஓர் அரைக்காற்சட்டை. உடனே லயத்து வாசலில் பேச்சு எழுகிறது. "வயதுக்கு வந்த பிள்ளைக்கு இது என்ன உடுப்பு?" என்று பாட்டி கேட்கிறார். பாட்டியைக் குறை சொல்ல நாம் வரவில்லை. தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளையின் பெயருக்கு எவ்வளவு எளிதில் களங்கம் கற்பித்துவிடுவார்கள் என்பதை அவர் தம் வாழ்நாளில் கண்டவர். ஆயினும் வேலைக்கு ஒரு நியாயம், விளையாட்டுக்கு ஒரு நியாயம் என்று ஏன் ஆயிற்று? இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. நம் குடும்பங்களில் பல பட்டணத்துத் தாமான்களுக்குக் குடியேறிவிட்டன. இந்தக் கேள்வி மட்டும் நம்மோடு கூடவே வந்திருக்கிறது.

இது நம் தோட்டங்களில் மட்டும் எழுந்த கேள்வி அன்று. கூடைப்பந்து என்னும் விளையாட்டின் வரலாற்றைப் புரட்டினால், பெண்கள் அந்தப் பந்தைத் தொட்ட முதல் நாளிலிருந்தே அது உடன் வருவதைக் காணலாம்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊர். அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பனிக்காலத்தில் மாணவர்கள் வெளியே ஆட முடியவில்லை. ஆகவே உள்ளரங்கில் ஆடுவதற்கு ஒரு விளையாட்டை அவர் ஆக்கினார். பீச்சுப் பழம் வைக்கும் இரண்டு கூடைகளைச் சுவரில் உயரமாக மாட்டி, அவற்றுக்குள் பந்தை எறியச் செய்தார். கூடைப்பந்து பிறந்த கதை இதுதான்.

அடுத்த ஆண்டே அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் ஆசிரியை சென்டா பெரன்சன் இந்த விளையாட்டைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1893 மார்ச் 22ஆம் நாள் அக்கல்லூரியின் இரண்டு வகுப்பு மாணவிகள் மோதினார்கள். ஆடவர்கள் பார்க்கலாகாது என்று கதவு அடைக்கப்பட்டது. காரணம் உடைதான். தரையைத் தொடும் பாவாடையை நீக்கிவிட்டு, முழங்காலுக்குக் கீழே சுருக்கிக் கட்டிய தொளதொளப்பான காற்சட்டையும் கறுப்புக் காலுறையும் அந்த மாணவிகள் அணிந்திருந்தார்கள். அந்தக் காற்சட்டைக்கு 'புளூமர்' என்று பெயர். 1851ஆம் ஆண்டில் அமீலியா புளூமர் என்ற அம்மையார் தம் பத்திரிகையில் அவ்வகை உடையை ஆதரித்து எழுதி ஊராரின் கேலிக்கு ஆளானார். உடைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு, கலிபோர்னியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மாணவிகள் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆடியபோதும் ஆடவர்க்கு அனுமதி இல்லை. ஸ்டான்ஃபோர்டு 2க்கு 1 என்ற கணக்கில் வென்றது.

பெரன்சன் அம்மையார் பெண்களுக்கென்று விதிகளையும் மாற்றினார். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, ஒருத்தி தன் பகுதியைத் தாண்டக்கூடாது, எதிராளி கையிலுள்ள பந்தைப் பறிக்கக்கூடாது என்றார். பெண்ணின் உடல் அதிக ஓட்டத்தைத் தாங்காது என்று மருத்துவர்களும் பெற்றோர்களும் நம்பிய காலம் அது. அந்த அச்சத்துக்கு இடங்கொடுத்துத்தான் அவர் பெண்களை ஆடவைக்க முடிந்தது. அவரைக் கோழை என்று சொல்லலாகாது. அடைத்திருந்த கதவை ஒரு சாணாவது திறந்தவர் அவரே.

இனி, நம் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தை நினைத்துப் பாருங்கள். ஏழு பேர் ஆடுகிறார்கள். ஒவ்வொருத்தியின் மார்பிலும் ஓர் எழுத்துப் பட்டை. அந்த எழுத்துக்குரிய எல்லையை அவள் தாண்டக்கூடாது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் கூடாது. ஏன் இப்படி என்று நம் மாணவிகள் எங்களைக் கேட்பதுண்டு. 1890களில் கூடைப்பந்து இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கே நீண்ட பாவாடையும் உப்பிய கையுள்ள சட்டையும் அணிந்து பயின்ற பெண்களுக்கு ஏற்றவாறு ஆட்டம் மாறியது. 1901இல் அதற்கு விதிகள் எழுதப்பட்டன; அதுவே வலைப்பந்து ஆயிற்று. ஆங்கிலேயரின் ஆட்சி சென்ற இடமெல்லாம் பள்ளி ஆசிரியைகள் அதை எடுத்துச் சென்றார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970ஆம் ஆண்டு வரை அதன் பெயரே 'பெண்கள் கூடைப்பந்து' என்றுதான் இருந்தது. ஆக, எவளோ ஒருத்தி அணிந்திருந்த பாவாடையின் நீளம், நூறாண்டு கடந்தும் நம் பள்ளித் திடலில் சுண்ணாம்புக் கோடாகக் கிடக்கிறது என்றால் அது மிகையாகாது.

நமக்கும் கூடைப்பந்துக்கும் இன்னுமோர் உறவு உண்டு. அமெரிக்காவில் 1908இல் தொடங்கிய கான்வர்ஸ் இரப்பர்க் காலணி நிறுவனம் 1917இல் 'ஆல் ஸ்டார்' என்ற கூடைப்பந்துக் காலணியை வெளியிட்டது. அந்நாளில் மலாயா இரப்பரை மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. மங்கில் சொட்டிய பால் கடல் கடந்து போய், சக்கரமாகவும் பந்தின் உட்பையாகவும் காலணியின் அடிப்பாகமாகவும் உருவெடுத்தது. அந்தக் காலணியை அணிந்து ஆட, பால் எடுத்த பெண்ணின் மகளுக்குத்தான் நெடுங்காலம் வாய்ப்பில்லாமல் போயிற்று.

ஆனால் அந்தத் தோட்டத்துப் பெண்களே ஒரு காலத்தில் காற்சட்டை அணிந்து அணிவகுத்து நின்றார்கள் என்பதை மறந்துவிடலாகாது. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரில் பெண்கள் படை ஒன்றை அமைக்க அழைப்பு விடுத்தார். மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அதுவே ஜான்சி ராணிப் படை. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். சேலையும் பாவாடையும் தவிர வேறு அறியாதவர்கள் காக்கிக் காற்சட்டையும் சட்டையும் தொப்பியும் காலணியும் அணிந்தார்கள். பலர் நீண்ட கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். மகளைப் படைக்கு அனுப்பிய பெற்றோர் அந்த உடையைக் கண்டு வெட்கப்படவில்லை, பெருமைப்பட்டார்கள். காற்சட்டையால் நம் பண்பாடு கெடும் என்பது உண்மையானால், அது 1943இலேயே கெட்டிருக்க வேண்டும் அல்லவா? எதற்காக அணிகிறோம் என்பதை ஊர் மதித்தால், உடையையும் ஊர் ஏற்றுக்கொள்ளும். இதுவே அந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

போர் முடிந்து, நாடு விடுதலை பெற்றபின் ஓட்டத் திடலிலும் நம் பெண் ஒருவர் தோன்றினார். எம். இராஜமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற ஆண்டு அது. 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே தூரத்தில் தங்கம் வென்றார். மலேசியாவின் முதல் தேசிய விளையாட்டு வீராங்கனை விருது அவ்வாண்டு அவருக்கே கிடைத்தது. மற்ற நாட்டு ஓட்டக்காரர்களைப் போலவே அவரும் அரைக்காற்சட்டையில்தான் ஓடினார். நாளிதழில் அவருடைய படம் வந்தபோது நாம் பதக்கத்தைத்தான் பார்த்தோம்.

இனி, ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட பெண்களின் நிலையைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1936இல் 'ஆல் அமெரிக்கன் ரெட் ஹெட்ஸ்' என்ற பெண்கள் கூடைப்பந்துக் குழு தொடங்கியது. ஊர் ஊராகச் சென்று ஆடவர் குழுக்களோடு ஆடவர் விதிப்படியே ஆடிய திறமைசாலிகள் அவர்கள். ஆயினும் ஒவ்வொருவரும் தலைமுடிக்குச் செஞ்சாயம் பூச வேண்டும், அல்லது செந்நிறப் பொய்முடி அணிய வேண்டும். முகப்பூச்சோடுதான் களத்தில் இறங்க வேண்டும். ஆட்டத்தோடு அழகையும் விற்றால்தான் நுழைவுச் சீட்டு விற்கும் என்று உரிமையாளர்கள் கருதினார்கள். அக்குழு 1986 வரை ஆடியது.

1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றது. 1978இல் பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகப் போட்டி அமெரிக்காவில் தொடங்கியது. அதில் ஆடிய 'கலிபோர்னியா டிரீம்ஸ்' என்ற குழுவினரை, நடை உடை பாவனை கற்றுவரும்படி ஒரு நளினப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பந்தெறியக் கற்க வேண்டிய நேரத்தில் பவுடர் பூசக் கற்றார்கள். அந்தப் போட்டி 1981இல் நின்றுபோயிற்று. பின்னர் 1997இல்தான் இன்று டபிள்யூ.என்.பி.ஏ. என்று வழங்கும் கழகப் போட்டியின் முதல் ஆட்டம் நடந்தது.

இதில் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். 1893இல் 'உடம்பை மறை' என்று கதவை அடைத்தார்கள். பிற்காலத்தில் 'அழகைக் காட்டு' என்று கதவைத் திறந்தார்கள். இரண்டு காலத்திலும் ஆடுகிறவளைக் கேட்கவில்லை.

நம் நாடு நன்கறிந்த பூப்பந்திலும் இது நடந்தது. பெரிய போட்டிகளில் ஆடும் பெண்கள் எல்லாரும் பாவாடைதான் அணிய வேண்டும் என்று உலகப் பூப்பந்துச் சம்மேளனம் 2011இல் விதி கொண்டுவந்தது. ஆட்டத்துக்குக் கவர்ச்சி கூடும் என்பது காரணமாம். பல நாட்டு வீராங்கனைகளும் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே அந்த விதி கைவிடப்பட்டது.

கூடைப்பந்தில் இதற்கு மாறான ஒரு விதி இருந்தது. தலையில் துணி அணியக்கூடாது என்பது அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி. ஆட்டத்தில் காயம் படும் என்று காரணம் சொன்னார்கள். 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், முக்காட்டை நீக்கச் சொன்னதால் கத்தார் நாட்டுப் பெண்கள் குழு ஆடாமலே திரும்பியது. அதே ஆண்டு சீனாவில் நடந்த ஒரு போட்டியில் இந்தியாவின் சீக்கிய ஆட்டக்காரர்கள் தலைப்பாகையைக் கழற்றும்படி பணிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் பில்கிஸ் அப்துல் காதர் என்ற இளம்பெண் முக்காடு அணிந்தே பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் ஆடிப் புகழ் பெற்றவர். வெளிநாட்டில் தொழில்முறையில் ஆட விரும்பியபோது இந்த விதி அவரைத் தடுத்தது. அவரும் பிறரும் முறையிட்டனர். 2017 மே மாதம் விதியை மாற்ற முடிவாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து தலைத்துணிக்கு அனுமதி வந்தது. ஆனால் பில்கிஸின் ஆட்டப் பருவம் கடந்து போயிருந்தது. விதி திருந்தினாலும் போன ஆண்டுகள் திரும்புவதில்லை.

நம் நாட்டில் இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை உண்டு. மலேசிய வலைப்பந்துக் குழுவில் தலையை மறைத்து, நீண்ட காற்சட்டை அணிந்து மலாய்ச் சகோதரிகள் ஆடுகிறார்கள். சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களில் சீனப் பள்ளித் திடல்களில் மாலை வேளையில் சீனப் பெண்பிள்ளைகள் தொளதொளப்பான அரைக்காற்சட்டையில் கூடைப்பந்து ஆடுகிறார்கள். 2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியப் பெண்கள் கூடைப்பந்துக் குழு தங்கம் வென்றது. எந்த உடையாயினும் பந்து கூடைக்குள் விழத்தான் செய்கிறது.

தமிழகத்தில் கூடைப்பந்தாலேயே உயர்ந்த பெண் ஒருவரையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தென்னக இரயில்வேயில் பணிபுரிந்துகொண்டே ஆடியவர். இந்தியாவில் பெண்களுக்கு விளையாட்டு பிழைப்புத் தருவது இத்தகைய அரசுப் பணிகளின் வழியாகத்தான் பெரும்பாலும் நடந்தது. 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் அவர் இந்தியாவுக்காக ஆடினார். குழந்தை பெற்றபின் மீண்டும் களத்துக்கு வந்தார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியின் இரண்டாம் பிரிவில், அவர் ஆடிய இந்தியக் குழு இறுதி ஆட்டத்தில் கசகஸ்தானை 75க்கு 73 என்று வென்றது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கையில்லாச் சட்டையும் அரைக்காற்சட்டையும் அணிந்த ஒரு தாய் நாட்டின் உயர்ந்த விருதுகளுள் ஒன்றைப் பெற்றார் என்பதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உடையைப் பற்றிப் பேசும்போது கூலியைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தொழிலாளர் குடும்பத்துக்கு அது விளங்காத பேச்சன்று. அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தில் புதிதாகச் சேர்ந்த முதல்தர ஆட்டக்காரி ஒருவருக்கு 2024இல் அடிப்படைச் சம்பளம் 76,535 டாலர். அவ்வாண்டு அங்கே ஆடவர் கூடைப்பந்தில் அதே நிலையில் சேர்ந்தவர் பெற்றது அதைப் போல நூறு மடங்குக்கும் மேல். உடையை மற்றவர்கள் தீர்மானித்த காலம் போய், இப்பெண்கள் உடையையே தங்கள் வாயாக ஆக்கிக்கொண்டார்கள். 2016இல், கறுப்பினத்தவர் காவலர் துப்பாக்கிக்குப் பலியானதைக் கண்டித்து, ஆட்டத்துக்கு முன் கறுப்புச் சட்டை அணிந்தார்கள். மூன்று குழுக்களுக்குக் கழகம் தண்டம் விதித்தது; ஆட்டக்காரர்கள் பணியாததால் சில நாளில் தண்டத்தை நீக்கியது. 2025 ஜூலையில் இந்தியானாபொலிஸ் நகரில் நடந்த நட்சத்திர ஆட்டத்தின்போது, தங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்னும் பொருள்பட எழுதிய சட்டையை எல்லாரும் அணிந்து நின்றார்கள். பெரட்டுக் களத்தில் கூலி உயர்வு கேட்டு நின்றவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு அந்த வரிசை அந்நியமாகத் தெரியாது.

நம் கெடா மாநிலமும் பின்தங்கி நிற்கவில்லை. கெடாவில் பிறந்த எஸ். சிவசங்கரி சுவர்ப்பந்து ஆட்டத்தைத் தொழிலாகவே கொண்டவர். 2022இல் சாலை விபத்தில் பலத்த காயமுற்றார். அடுத்த ஆண்டு ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024 ஏப்ரலில் இலண்டன் கிளாசிக் பட்டத்தையும் வென்றார். அலோர் ஸ்டாரில் பிறந்த பேர்லி டானும் நம் தினா முரளிதரனும் இணைந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பூப்பந்து இரட்டையரில் நான்காம் இடம் பெற்றார்கள். இவர்களும் ஒரு காலத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள்தாம். அந்த வயதில் யாரேனும் மட்டையைப் பிடுங்கி வைத்திருந்தால்?

நேயர்களே, பிறரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, ஆசிரியர்களாகிய நாங்கள் செய்த தவற்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன், எங்களிடம் பயின்ற ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி வலைப்பந்தில் குறிதவறாமல் எறிவாள். மாவட்டப் போட்டிக்காக நாங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குட்டைப் பாவாடை வாங்கினோம். மறுநாளிலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை. சோம்பல் என்று எண்ணினோம். ஒரு வாரம் கழித்து அவளுடைய தாயார் அந்தப் பாவாடையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "ஆட வேணாம்னு சொல்லலைங்க டீச்சர். இதப் போட்டுக்கிட்டு ஆம்பளைங்க முன்னாடி நிக்க வெக்கமா இருக்குதாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அழுவுது" என்றார்.

உள்ளே ஒரு நீண்ட காற்சட்டை அணிந்து வா என்று சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் நாங்கள் அவளைக் கேட்கவே இல்லை. அவ்வாண்டுப் போட்டி முடிந்தது. அவள் இடைநிலைப் பள்ளிக்குப் போனாள். பந்தை மீண்டும் தொடவில்லை. அடைத்த கதவும் நளினப் பள்ளியும் செய்த தவற்றையே நாங்களும் எங்கள் சிறு திடலில் செய்தோம். அடுத்த ஆண்டு முதல் மாணவிகளைக் கேட்டுத்தான் உடை வாங்குகிறோம். பாவாடை வேண்டுபவள் பாவாடை. நீண்ட காற்சட்டை வேண்டுபவள் நீண்ட காற்சட்டை. நிறம் மட்டும் ஒன்று. அதனால் எங்கள் குழு ஓர் ஆட்டமும் தோற்றுவிடவில்லை.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, உங்கள் மகள் விளையாட்டை விட்டுவிட்டேன் என்று சொன்னால், ஏன் என்று ஒருமுறை பரிவோடு கேளுங்கள். உடைதான் காரணம் என்றால் பள்ளிக்கு வந்து சொல்லுங்கள். மாற்று உடைக்கு வழி உண்டு. மாதவிலக்கு நாளில் அவளுக்குச் சங்கடம் என்றால் அதையும் ஆசிரியையிடம் தயங்காமல் சொல்லலாம். போட்டி நாளன்று வெளிச்சத்தம் கேட்டு அஞ்சாமல், நீங்களே வந்து திடலோரம் நில்லுங்கள். தாய் நிற்கும் இடத்தில் கேலி பேசத் துணிபவர் குறைவு. ஆசிரிய நண்பர்களே, உடை வாங்குமுன் ஆடுகிறவளைக் கேளுங்கள்.

சென்ற விளையாட்டு விழாவில் அந்த மாணவியை மறுபடி கண்டோம். இப்போது பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் தம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "டீச்சர், இவளுக்கு ஓட ரொம்ப ஆசை. என்ன உடுப்பு வாங்கணும்?" என்று கேட்டார்.

"அவளையே கேட்போம்" என்றோம்.